குழிக்கு வைத்த முதல் துண்டு

"மூணு நாளும் ஒண்ணுமே செய்யக் கூடாது. சர்ச்சு, கோட்டை, மியூசியம்னு எங்கயாவது இழுத்தே, நான் காரை விட்டு இறங்கவே மாட்டேன்."

"சரிடி. தூங்கலாம், சாப்பிடலாம். அவ்வளவுதான் பிளான்."

"தூங்கலாம், தூங்கலாம்னு மாத்து."

ஓர்னெல்லா சிரித்துக்கொண்டே காரை அடுத்த வளைவில் ஏற்றினாள். பக்கத்தில் இரண்டு கம்பளிகளுக்குள் சுருண்டிருந்த தங்கை லொரேதானாவின் முகம் மட்டுமே வெளியே தெரிந்தது. ஏழு மாத ஊசி மருந்தில் முதலில் முடி போயிற்று, பிறகு வாசனை, பிறகு ருசி. எதை வாயில் வைத்தாலும் அட்டையை மெல்வதுபோல் இருக்கிறது என்றாள். அடுத்த ஊசிக்குள் மூன்று கிலோவாவது ஏற வேண்டும், இல்லாவிட்டால் உடம்பு தாங்காது, போட மாட்டேன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். போடாவிட்டால் என்ன ஆகும் என்பதை அக்காவும் தங்கையும் பேசிக்கொள்ளவில்லை. அதற்குப் பதிலாக இந்தப் பயணத்தைப் பேசினார்கள்.

ரோக்கஸ்கூரா என்ற அந்த மலையூரின் மதிலுக்குள் கார் நுழையாது. ஓர்னெல்லா தங்கையை முதுகில் ஏற்றிக்கொண்டு படிகளில் ஏறினாள். காய்ந்த சுள்ளிக்கட்டு அளவுக்குத்தான் கனம்.

வாடகை வீட்டுக்காரி சொன்னபடி பூந்தொட்டிக்கு அடியில் சாவி இருந்தது. கதவைத் திறந்ததும் நாற்றம் முகத்தில் அறைந்தது. ஊறிய வைக்கோல், ஆட்டுக் கொழுப்பு, யாரோ பல நாள் கழற்றாத சட்டை.

"என்ன, மூக்கைப் பொத்துறே?" என்றாள் லொரேதானா.

"ஒண்ணுமில்ல. சீஸ் குழி."

அந்த மலையூர்களில் இது புதிதல்ல. ஆகஸ்டில் ஆட்டுப்பால் சீஸ் கட்டிகளைத் துணி மூட்டைகளில் கட்டி, வீட்டுக்கடியில் வெட்டிய குழியில் அடுக்கி மூடிவிடுவார்கள். நவம்பர் கடைசியில், புனித கத்தரீனாவின் திருநாளன்று திறப்பார்கள். அது முடிந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. சமையலறைத் தரையில் வட்டமான மர மூடி. சுற்றிலும் மறுபடி பூசி அடைத்த சுண்ணாம்பு. மூடியின் நடுவில், துணி போர்த்திய ஒரு தட்டு.

வாடகை வீடுகளில் வருகிறவர்களுக்கு இப்படி ஏதாவது வைப்பது வழக்கம். ஓர்னெல்லா அதை இரண்டாம் முறை பார்க்கவில்லை. பைகளை எடுக்கக் காருக்குப் போனாள்.

திரும்பி வந்தபோது லொரேதானா தரையில் உட்கார்ந்து தின்றுகொண்டிருந்தாள். மஞ்சளாக வியர்த்த பாலாடைக்கட்டி. முகவாயில் கொழுப்பு வழிந்தது. கண்ணில் நீர் வழிந்தது.

"ஓர்னி, தெரியுது. ருசி தெரியுதுடி!"

பல்லிடுக்கிலிருந்து எதையோ இழுத்தாள். நீளமான, நரைத்த ஒற்றை முடி. அதைத் தரையில் போட்டுவிட்டு மறுபடி மென்றாள்.

ஓர்னெல்லா அந்த முடியைக் காலால் ஒதுக்கினாள். ஆனாலும் தடுக்கவில்லை. தங்கை சாப்பிடுகிறாள்.

சாயங்காலம் வீட்டுக்காரி ஈர்மா வந்தாள். விருந்தாளிகளைப் பார்த்துத் திகைத்தாள்.

"நாளைக்குத்தானே வர்றதா இருந்தீங்க?" பிறகு மூடியைப் பார்த்தாள். "தட்டுல இருந்தது எங்க?"

"தங்கச்சி சாப்பிட்டா. ரொம்ப நன்றிங்க, ஏழு மாசம் கழிச்சு இப்பத்தான்..."

"அது உங்களுக்கு வெச்சதில்லம்மா."

ஈர்மா அவளை வாசலுக்கு இழுத்துப் போய்க் கிசுகிசுத்தாள்.

"எங்கப்பா சின்னப் பையனா இருந்தப்போ நடந்தது. சீஸ் அடுக்குறதுக்கு முன்னாடி ஈரம் காய, இந்தக் குழிக்குள்ள நெருப்பு போடுவோம். புகை அடங்குறதுக்குள்ள அமேதியோன்னு ஒருத்தன் வைக்கோல் பரப்ப இறங்கிட்டான். மயங்கி விழுந்ததை எவனும் பாக்கல. மேல மூட்டைகளைப் போட்டு மூடிட்டாங்க. ஊரை விட்டு ஓடிட்டான்னு நினைச்சாங்க. நவம்பர்ல திறந்தா அடியில கிடந்தான். வாய் நிறைய சீஸ்."

"அந்த வருஷத்து சீஸை என்ன பண்ணாங்க?"

"வித்தாங்க. வேறென்ன? அப்படி ஒரு ருசி அதுக்கப்புறம் வரவே இல்லன்னு எங்கப்பா சொல்வார்."

ஓர்னெல்லா உள்ளே மூடியைத் திரும்பிப் பார்த்தாள்.

"அதனால வருஷா வருஷம் முதல் துண்டு அவனுக்கு. மூணு நாள் மூடி மேல இருக்கும், அப்புறம் புதைச்சிடுவோம். இன்னிக்கு எடுக்கத்தான் வந்தேன்."

"வேற யாராவது தின்னா?"

"இதுவரைக்கும் யாரும் தின்னதில்லையே."

ஈர்மா சிலுவை போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் காலை அதே குழியின் பாலாடைக்கட்டியை வாங்கி வந்து நீட்டினாள் ஓர்னெல்லா. லொரேதானா துப்பினாள். "அட்டை." பிறகு மூடியில் காதை வைத்துப் படுத்தாள்.

"என்னடி பண்றே?"

"உஷ். மெல்லுறாங்க."

மதியம் ஊரை மூடுபனி விழுங்கியது. மேல் அறையில் ஓர்னெல்லா கண்ணயர்ந்தாள். நாற்றம்தான் எழுப்பியது. இப்போது அது தொண்டைக்குள் கொழுப்பாகப் படிந்தது. கீழே ஓடினாள்.

லொரேதானா மூடியின்மேல் மல்லாந்து கிடந்தாள். கண்கள் மூடியிருந்தன. உதடுகள் பளபளத்தன. நகங்களுக்கடியில் சுண்ணாம்பு. ஆனால் மூடியைச் சுற்றிய பூச்சில் ஒரு கீறல்கூட இல்லை.

"லோரி!"

அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள்.

அசையவில்லை.

நேற்று முதுகில் சுமந்த உடம்பு. காலை ஊன்றி, பல்லைக் கடித்து இழுத்தாள். ஈர மூட்டைபோல் கனத்தது. மூன்று கிலோ அல்ல. ஓர் ஆணின் கனம். எப்படியோ புரட்டித் தலையை மடியில் போட்டுக்கொண்டாள். கையெல்லாம் பிசுபிசுத்தது. தோலிலிருந்தே கொழுப்பு கசிந்தது. மூச்சில் பழைய புகை வாடை.

தாடை மட்டும் அசைந்தது. மெதுவாக. திருப்தியாக.

மென்றது.

கீழே, மர மூடிக்கு அடியில், யாரோ விரலால் சுரண்டினார்கள். பிறகு இருமல். அந்தப் பலவீனமான இருமலை ஏழு மாதமாக இரவும் பகலும் கேட்டவள் ஓர்னெல்லா.

"ஓர்னி..." குழிக்குள்ளிருந்து தங்கையின் குரல் வந்தது. "இங்க இருட்டா இருக்குடி. மேல மூட்டையைப் போட வேணாம்னு அவங்ககிட்ட சொல்லேன்..."