யாழியின் சளிகுத்து

"நான் ஒரு தும்மு தும்மினா இந்த வளாகத்து நானூறு கதவும் திறக்கும் மாப்ளே" என்று சடையப்பன் திரையில் சொன்னபோது, தங்கை கணவன் இனியவேந்தன் சிரிக்கக்கூட இல்லை.

"தீப்பிடிச்சாலே இங்க கதவு திறக்காது மச்சான். போய்ப் படுங்க."

அவன் சொன்னதிலும் நியாயம் உண்டு. செவ்வாயில் வீட்டுக்கு வீடு தனிக்காற்று. பக்கத்து வீட்டு மூச்சு இந்த வீட்டுக்குள் வராது; பக்கத்து வீட்டுக்காரரும் வரமாட்டார். காற்றுக்குழாய் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற சடையப்பனை ஒரு மனிதக் கை தொட்டு எத்தனையோ காலம் ஆயிற்று. குளிர்பெட்டியிடம் பேசிப் பேசி, இப்போதெல்லாம் அவர் வந்தாலே அது தூங்குவதுபோல் நடித்தது.

கிருமியே இல்லாத ஊரில் பிள்ளைகளுக்கு எதிர்ப்புச் சக்தி எங்கிருந்து வரும்? அதற்காகத்தான் சளிகுத்து. குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்து, வீரியம் குறைத்த நச்சுயிரி ஒரு சொட்டு மூக்கில் விடுவார்கள். குணமாகும்வரை இருவரும் ஒரே அறையில். தங்கை மகள் யாழி பிறந்ததிலிருந்தே சடையப்பன் தன் மடியைத் துடைத்துத் துடைத்து வைத்திருந்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த நச்சுயிரி என்பதில்தான் வந்தது வினை.

"மூக்கொழுக்கி போதும்மா" என்றார் தங்கை மாதங்கியிடம். "கொஞ்சம் ஒழுகும், சிணுங்கும், போயிடும். நான் துடைச்சு விடுறேன்."

"எதிர்வீட்டுப் பையனுக்குக் கொதிப்பி போட்டாங்கண்ணே. திடுதிப்புன்னு காய்ச்சல் ஏறி, உடம்பெல்லாம் வலின்னு புரண்டானாம். அவங்கம்மா ஊரெல்லாம் படம் அனுப்புறா. நம்ம பிள்ளைக்கு வெறும் மூக்கொழுக்கின்னா நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பேசுவேன்?"

"குரைப்பான் போடலாமே" என்றான் இனியவேந்தன். "தொண்டை வீங்கி நாய் மாதிரி இருமுமாம். கேக்கவே கம்பீரமா இருக்கும்."

"அதெல்லாம் பழசுங்க" என்றாள் மாதங்கி. "இப்ப இழுப்பிதான். நெஞ்சுக்குள்ள விசில் அடிக்கணும். பள்ளிக்கூடத்துல அதத்தான் முதல்ல கேக்கறாங்க."

இழுப்பி என்றே முடிவானது. சடையப்பன் தலையில் கல் விழுந்தது. இழுப்பி குழந்தை நெஞ்சோடு நிற்காது, முதியவர் நெஞ்சையும் பிடிக்கும். ஆகவே வயதான மாமன் மடி கூடாது. வாடகைக்கு மாமன் எந்திரம் வரும்.

விழாவன்று அவர் கண்ணாடிக்கு வெளியே நின்றார். உள்ளே, தலைப்பாகை கட்டிய எந்திரத்தின் மடியில் பட்டுப்பாவாடையோடு யாழி. சொட்டு விடும் குழல் மூக்கருகே வந்தது. நல்ல காரியத்தில் அழக்கூடாதென்று சடையப்பன் அழுகையை விழுங்கினார். விழுங்கிய அழுகை மூக்குக்கு ஏறியது.

தும்மினார். என்ன தும்மல் அது! கண்ணாடி அதிர்ந்தது. எந்திரத்தின் தலைப்பாகை பறந்தது. செவ்வாயின் சின்ன நிலா ஒரு கணம் நின்று திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் போனது.

இனந்தெரியாத தும்மல் என்று வளாகத்துக் காற்றுமானிகள் அலறின. இருக்கிற கதவையும் இறுக்கிப் பூட்டியிருப்பார்கள் என்றுதானே நினைக்கிறீர்கள்? அதற்குள் ஒரு பேச்சு கிளம்பிவிட்டது: பூமியிலிருந்து ஒளிந்து வந்த அசல் சளி, வீரியம் குறைக்காதது, இதுவரை எவர் பிள்ளைக்கும் கிடைக்காதது. கதவுகள் படபடவென்று திறந்தன. இடுப்பில் பிள்ளைகளோடு ஓடிவந்தார்கள்.

"ஐயா, இந்தப் பக்கம் திரும்பித் தும்முங்க."

"வரிசையில வாங்கம்மா, உங்க பிள்ளைக்கு மட்டுந்தான் மூக்கு இருக்கா?"

மாதங்கி எந்திரத்திடமிருந்து யாழியைப் பிடுங்கிவந்தாள். அண்ணனைத் தரையில் உட்காரவைத்து அவர் மடியில் போட்டாள். "முதல் தும்மல் நம்ம பிள்ளைக்குத்தாண்ணே."

சடையப்பன் அன்று தும்மாத தும்மல் இல்லை. பாதிக்கு மேல் நடிப்பு. பிள்ளைகளின் மூக்கை ஒப்பிட்டபடியே கூட்டம் கலைந்தது. கதவுகள் மூடின. யாழி மடியிலேயே உறங்கிப்போனாள்.

இனியவேந்தன் காற்றுமானியோடு வந்து அவர் கைக்குட்டையைச் சோதித்தான். நச்சுயிரி எதுவும் இல்லை. கண்ணீர் உப்பு மட்டும் இருந்தது. மானியை அணைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"என்ன மாப்ளே, கதவு திறந்துச்சா?"



"நானூறும் திறந்துச்சு மச்சான், என் கண்ணால பார்த்தேன். உங்களுக்கு என்ன ஆச்சுன்னு கேக்கத்தான் ஒருத்தருக்கும் தோணல, என்னையும் சேத்து."