ஏ.சி. போட்டால் நடுங்கும்!

போன் அலறியது.

லாரிக்கு அடியில் மல்லாந்து கிடந்த அக்கா, கிரீஸ் கையாலேயே எடுத்தாள். அந்த வட்டாரத்து லாரிக்காரர்கள் அத்தனை பேருக்கும் அவள் 'ஸ்பானர் அக்கா'. எதிர்முனையில் இருந்த இன்ஸ்பெக்டருக்கு மட்டும் சொந்த அக்கா!

"அக்கா! உடனே ஸ்டேஷனுக்கு வா!"

"என்னடா, கொலையா?"

"லாரி!"

"லாரியைக் கொன்னுட்டாங்களா?"

"விளையாடாதக்கா. ஒருத்தன் ஜெயிலுக்குப் போறதும் போகாததும் உன் கையிலதான் இருக்கு!"

அக்காவின் சிரிப்பு நின்றது.

ஸ்டேஷன் வாசலில் அந்த லாரி. பெஞ்சில், அழுது கண் சிவந்த டிரைவர். எதிரே லாரி முதலாளி... இஸ்திரி கலையாத சட்டை, நிமிடத்துக்கு ஒரு தரம் கைக்கடிகாரம்.

தம்பி விஷயத்தைச் சொன்னான். நகைக்கடைக்குப் போக வேண்டிய வைரப் பொட்டலம் லாரியில் இல்லை. வழியில் டிரைவர் வண்டியை ஓரிடத்தில் நிறுத்தியிருக்கிறான்.

"அங்கதான் கைமாத்தியிருக்கான்!" என்றார் முதலாளி.

"இல்லக்கா! ஏ.சி. போட்டுக்கிட்டு சிக்னல்ல நின்னேன். இன்ஜின் அப்படியே உதறுச்சு. பயந்துபோய் ஓரங்கட்டிப் பார்த்தேன். அவ்வளவுதான்!"

"பச்சைப் பொய்! போன வாரம்தான் சர்வீஸ் விட்டேன். சாவியைக் கொடுங்க இன்ஸ்பெக்டர், எனக்கு லோடு காத்துக்கிட்டிருக்கு!"

"வண்டி பொய் சொல்லாது சார். அதையே கேட்டுருவோம்."

அக்கா ஏறி ஸ்டார்ட் செய்தாள்.

சீரான உறுமல். நின்ற இடத்திலேயே ஓடும் ஐடிலிங்கில் ஒரு குறையும் இல்லை!

முதலாளி உதட்டில் ஏளனச் சிரிப்பு.

அக்கா ஏ.சி. பொத்தானை அழுத்தினாள்.

தடக்... தடதடதட...!

ஸ்டியரிங் உதறியது. கண்ணாடிகள் கிடுகிடுத்தன. படியில் தொற்றிக்கொண்டிருந்த இன்ஸ்பெக்டரின் தொப்பி நழுவி மூக்கில் உட்கார்ந்தது!

"என்னடா, உனக்கும் ஏ.சி. ஒத்துக்கலையா?"

டிரைவர் துள்ளி எழுந்தான். "பார்த்தீங்களா சார்!"

"பழைய வண்டி... அப்படித்தான் இருக்கும்!" முதலாளியின் குரல் கீச்சிட்டது.

அக்கா பானெட்டைத் தூக்கினாள்.

"ஏ.சி. கம்ப்ரஸரையும் இன்ஜின்தான்டா சுத்தணும். கூடுதல் சுமை. நல்ல இன்ஜின்னா தாங்கிக்கும். இது ஏன் தாங்கலை? ஒருவேளை கம்ப்ரஸர் இறுகியிருக்கணும்..."

இன்ஜினை அணைத்துவிட்டுக் கம்ப்ரஸரைக் கையால் சுற்றிப் பார்த்தாள். லேசாகச் சுற்றியது.

"ம்ஹூம். அப்போ இன்ஜினுக்கு மூச்சு முட்டுது!"

ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து இன்ஜினுக்குப் போகும் குழாயைக் கழற்றினாள். இப்போது காற்று நேராக உள்ளே போகும்.

"ஸ்டார்ட் பண்ணுடா. ஏ.சி. போடு."

உதறல்... போயே போய்விட்டது!

"பெட்டிக்குள்ள என்னவோ அடைச்சிருக்கு."

இன்ஸ்பெக்டர் குதித்து இறங்கினான். "அங்க ஒளிச்சு வெச்சிருக்கானா? டேய்!"

டிரைவர் முகம் வெளுத்தது. "சத்தியமா எனக்குத் தெரியாது சார்!"

அக்கா டிரைவரைப் பார்த்தாள். காப்பாற்ற வந்த கையாலேயே மாட்டிவிட்டோமோ...?

"நடிக்கிறான்!" முதலாளி பாய்ந்து வந்தார். "சாக்ஸுக்குள்ள போட்டு முடிச்சுப் போட்டுட்டா எவனுக்கும் தெரியாதுன்னு நெனைச்சிருக்கான் திருட்டுப்பய!"

பெட்டியின் கிளிப்பில் அக்காவின் விரல் அப்படியே நின்றது.

மெல்லத் திரும்பினாள்.

"சார்... நான் இன்னும் பெட்டியைத் திறக்கவே இல்லையே. சாக்ஸ்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"



முதலாளி மறுபடி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். 

டக்! கிளிப் விடுபட்டது. உள்ளே, முடிச்சுப் போட்ட பழுப்பு நிற சாக்ஸ். அவிழ்த்துக் கவிழ்த்தாள்.

உள்ளங்கையில் வைரங்கள்!

"கிளம்புறதுக்கு முன்னாடியே நான்தான் வெச்சேன்... அவன் உள்ளே போனதும்... வண்டியை எடுத்துட்டுப் போயிடலாம்னு..." முதலாளி லாரிப் படியிலேயே சரிந்து உட்கார்ந்தார்.

டிரைவர் அக்காவின் கிரீஸ் கையைப் பற்றிக்கொண்டான். அவள் கண்ணிலும் ஏதோ உறுத்தியது. தூசியாக இருக்கும் என்று துடைத்துக்கொண்டாள்.

ஜீப்பில் ஏற்றும்போது முதலாளி ஈனஸ்வரத்தில் கேட்டார்: "அப்போ... என் லாரி?"

அக்கா பானெட்டை மூடினாள்.

"லாரிக்கு ஒரு குறையும் இல்ல சார், ஜம்முன்னு ஓடும். நீங்கதான் கொஞ்ச வருஷம் உள்ளே ஐடிலிங்ல நிக்கணும்!"