விலாவில் ஓடும் குழாய்

கணவனின் விலாவில் இரண்டு விரலை வைத்துப் பார்த்தாள். துடிப்பு இல்லை. சற்று மேலே, அக்குளுக்குப் பக்கத்தில் வைத்தாள். அங்கும் இல்லை. கையை எடுத்த பிறகுதான் துடித்தது. எடுத்த விரல்களுக்குள்.

தொடை இடுக்கிலிருக்கும் பெரிய ரத்தக்குழாயில் கிருமி புகுந்து, சுவரை அரித்து, அது எலுமிச்சம்பழம் போல வீங்கி நின்றதால் அவனுக்கு ஆபரேஷன். டாக்டர் அவளிடம் பொறுமையாகத்தான் சொன்னார். "அழுகின குழாயை வெட்டி எடுத்துட்டேம்மா. அதே இடத்துல புதுசு வெச்சா அதுலயும் கிருமி ஏறிடும். அதான் தோளுக்குக் கீழேருந்து விலா வழியா, தோலுக்கடியில ஒரு செயற்கைக் குழாய் விட்டுத் தொடையில சேர்த்திருக்கேன். பாலம் இடிஞ்சா சுத்துவழியில பஸ் விடறோமில்ல, அது மாதிரி." சிரித்தார். அப்புறம் சிரிக்கவில்லை. "அடிக்கடி தொட்டுப் பாருங்க. துடிப்பு நின்னா யோசிக்காம போன் பண்ணுங்க. கால் போயிடும். விட்டா ஆளும் போயிடுவார்."

கல்யாணமான நாளிலிருந்து அவனை அவள் இத்தனை முறை தொட்டதில்லை, பாவம். அவனுக்கு அவள் தைத்த துணியில் குறை, சமைத்த சாப்பாட்டில் குறை, பிள்ளை வயிற்றிலேயே செத்துப் போனதற்கும் அவள்தான் குறை. காலையில் கட்டு மாற்றும்போதுகூட, "உன் கை பட்டா நல்லா ஓடறதும் நின்னுடும்டி" என்றான்.

நின்றுவிட்டது.

போன் தையல் மிஷின் மேல், கை எட்டும் தூரத்தில் இருந்தது. வெளியே பிடித்த மழை விடவில்லை. கரண்ட் போய் மின்விசிறி நின்று, பட்டப்பகலிலேயே அறை இருண்டு கிடந்தது. அவன் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

முன்னறையிலிருந்து நாத்தனார் குரல் கொடுத்தாள். "என்னடி, ஓடுதா?"

"ஓடுது அண்ணி." நாக்கு முந்திக்கொண்டது.

"சத்தத்தையே காணோமேன்னு பாத்தேன். நீ அசந்து தூங்கினா என் தம்பி கதி என்ன ஆகறது?"

"நீங்க பேசறதை நிறுத்தினாத்தானே அண்ணி நான் தூங்க."

இன்னொரு தரம் பார்த்துவிட்டு போன் செய்யலாம் என்று உட்கார்ந்தாள். உட்கார்ந்தே இருந்தாள். அவன் கால்விரல்கள் வெளுத்து, நகத்தடியில் நீலம் ஏறுவதைப் பார்த்தாள். அவன் இல்லாத வீடு எப்படி இருக்கும் என்று முதல்முறையாக நினைத்துப் பார்த்தாள். ஜன்னலைத் திறந்து போட்டுக்கொள்ளலாம். நினைப்பு இனித்தது. இனித்ததும் பயந்தாள்.

காயாத துணிகளின் முடைநாற்றமும், மருந்துத் தண்ணீரின் நெடியும், அதற்கடியில் எத்தனை கட்டு மாற்றியும் போகாத சீழின் வாடையும் அறையில் கலந்து தேங்கியிருக்க, ஓட்டிலிருந்து சொட்டும் மழைக்கு நடுவே, மழையோடு சேராமல், ஒரு சத்தம் தனியாகக் கேட்டது. டுப். டுப். சுவரில் காதை வைத்தாள். சுவர் பேசாமல் இருந்தது. கட்டில் காலில் வைத்தாள். இல்லை. அவன் நெஞ்சில் வைத்தாள். அங்கே வேறு தாளம், மெல்லிய தாளம்.

எங்கே திரும்பினாலும் அது கூடவே திரும்பியது.

எழுந்து நிற்கப் பார்த்தாள். இடது பாதத்தில் தரை பட்டதே தெரியவில்லை. குனிந்து தொட்டாள். ஜில்லென்றிருந்தது. கல்லைத் தொட்ட மாதிரி. அவள் அளவெடுத்துத் தைத்த ரவிக்கை பக்கவாட்டில் இறுக்கியது. உள்ளே கை விட்டுத் தடவினாள். தோலுக்கடியில் ஒரு மேடு, தோளுக்குக் கீழே தொடங்கி, விலா மேல் இறங்கி, இடுப்பைத் தாண்டித் தொடைக்குப் போனது. விரல் தடிமன். தையல் இல்லை. தழும்பு இல்லை. டுப். டுப்.

"அண்ணி," என்று கூப்பிட்டாள். "அண்ணி, கொஞ்சம் வாங்களேன்."

நாத்தனார் வந்து அவளைப் பார்க்கவேயில்லை. தம்பியின் போர்வையை விலக்கிக் காலைத் தொட்டாள். முகம் மலர்ந்தது. "கால் எப்படிக் கதகதன்னு இருக்கு பாரு. நகமெல்லாம் ரோஸ் நிறம். இப்பத்தான்டி நீ பொண்டாட்டியா நடந்துக்கறே."

"அண்ணி, எனக்குக் கால்..."

"எல்லாருக்கும்தான் கால் வலிக்குது. பக்கத்துலயே இரு, நகராதே." கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

நகர முடியவில்லை. கட்டில் ஓரத்தில் சரிந்தாள். போனுக்குக் கை நீண்டது. எட்டவில்லை.

அவன் விழித்திருந்தான். எப்போதிலிருந்து என்று தெரியவில்லை. அவள் முகத்தைப் பார்க்காமல் அவன் கை தேடி வந்தது. சூடான கை. அவள் விலாவைத் தடவியது. மேட்டைக் கண்டுபிடித்தது. அதன் மேல் நிதானமாக நின்றது. பிறகு கட்டைவிரலும் வந்து சேர்ந்தது.

தோட்டத்து ரப்பர் குழாயை மடக்குகிற மாதிரி, அழுத்திப் பிடித்தான்.

கண் இருண்டது. மழை நின்றது. எல்லாச் சத்தமும் நின்றது.

விட்டான். வெளிச்சம் வந்தது.

அவள் மூச்சு வாங்குவதைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்தான். மறுபடியும் பிடித்தான். இந்தமுறை கொஞ்சம் அதிக நேரம்.