ஆளில்லாத மைதானத்தில் ஓர் இருமல்

மைதானத்தில் ஒருவருமே இல்லை என்று வானொலி அறிவிப்பாளர் மூன்றாவது தடவையாகச் சொன்னபோது, அவருக்குப் பின்னால் யாரோ இருமினார்கள்.

றெஜினோல்ட் ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பிடித்தார். ஹொண்டுராஸில் ஞாயிறு நண்பகல். லண்டன் வெம்பிளியில் மாலை ஆறு மணி. ஜன்னலுக்கு வெளியே டிசம்பர் இருட்டு. டிவியில் வராத சின்ன லீக் கால்பந்து ஆட்டங்களை உள்ளூர் வானொலிகளில் கேட்டு, பந்தயக் கம்பனி ஒன்றுக்காக கோல், கார்ட், கோர்னர் என்று ஒவ்வொன்றையும் கணினியில் தட்டுவது அவருடைய வேலை. ஸ்பானிஷ் தெரிந்ததால் கிடைத்தது. காலையில் கடையொன்றில் ஷிப்ட் முடித்துவிட்டு நேராக இங்கே வந்திருந்தார். இமைகளுக்குள் மணல் கொட்டினதுபோல உறுத்தியது. போன வாரம் ரசிகர்கள் கல்லெறிந்ததற்குத் தண்டனையாக இந்த ஆட்டத்தைப் பூட்டிய மைதானத்தில் நடத்தினார்கள். பந்தை உதைக்கும் சத்தம் வெறும் சீமெந்துப் படிகளில் பட்டுத் திரும்பி வந்தது. ஆட்டம் பார்ப்பவர்கள் உட்காரும் கலரியின் தகரக் கூரையில் மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது.

மறுபடியும் அதே இருமல். வறண்டு, நீண்டு, கடைசியில் மூச்சை இழுக்கும் இருமல்.

அந்த மைதானம் அவருக்குத் தெரியாததல்ல. தொண்ணூற்றெட்டில், கனடாவுக்குக் கூட்டிப்போவதாகச் சொன்ன ஏஜென்சிக்காரன் அவரையும், அவருடைய ஊர்ப் பெடியன் சூசைதாசனையும் இரண்டு வருடமாக ஹொண்டுராஸில் இழுத்தடித்துக்கொண்டிருந்தான். புயல் வந்து ஊர் வெள்ளத்தில் மூழ்கியபோது, சனத்தையெல்லாம் அந்தக் கலரிக்கு அடியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். சூசைதாசனுக்குக் காய்ச்சல். பத்தொன்பது வயது. ஐந்தாம் நாள் லொறியோடு வந்த ஏஜென்சிக்காரன், காய்ச்சல்காரனை ஏற்ற மாட்டேன் என்றான். "தண்ணி எடுத்துக்கொண்டு வாறன்" என்று பெடியனிடம் சொல்லிவிட்டு றெஜினோல்ட் லொறியில் ஏறினார். சூசைதாசனின் தாய்க்கு, மகன் செத்துப்போனான் என்று கடிதம் எழுதினார். உண்மையில் என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியாது.

பக்கத்து மேசையில் பாமா குளிர்க்கோட் மாட்டிக்கொண்டிருந்தாள். கோயம்புத்தூர்க்காரி, அவளுடைய ஷிப்ட் முடிந்துவிட்டது.

"பாமா, இதை ஒருக்கா கேளுங்கோ. ஆரோ இருமுற மாதிரிக் கிடக்கு."

அவள் ஹெட்போனை ஒரு காதில் வைத்துக் கேட்டாள். "இருமல் எல்லாம் இல்லையே." பிறகு அவள் நெற்றி சுருங்கியது. "ஆனா யாரோ தமிழ்ல பேசுறாங்க சார்."

"என்னவாம்?"

"'அண்ணை'ன்னு கூப்பிடுறாங்க. உங்க ஊர்க்காரங்க மாதிரி." அவள் சிரித்தாள். "ரெண்டு ஸ்டேஷன் கலக்குது போல. நீங்க ரொம்ப டயர்டா இருக்கீங்க. வீட்டுக்குப் போங்க."

"இடையில விடேலாது. முடியட்டும்."

அவள் படியிறங்கிப் போகும் சத்தம் கேட்டது. தெருக்கதவு சாத்திக்கொண்டது.

இரண்டாம் பாதி. அறுபத்திரண்டாவது நிமிடத்தில் ஒரு கோல். தட்டினார். கோலைச் சொன்ன அறிவிப்பாளரின் குரலில் உற்சாகமே இல்லை. அதே குரலில் சொன்னார்: "நேயர்களே, கலரியில் ஓர் ஆள் இருக்கிறான். கதவெல்லாம் பூட்டித்தான் இருக்கிறது. மேல்படியில், போர்வையைப் போர்த்திக்கொண்டு."

கோர்னர். தட்டினார்.

"இரண்டு படி இறங்கியிருக்கிறான்."

மஞ்சள் கார்ட். தவறாகத் தட்டி, அழித்துவிட்டுத் திரும்பத் தட்டினார். அறையில் நனைந்த கம்பளி நாற்றம்.

"ஆட்டத்தை அவன் பார்க்கவில்லை, நேயர்களே. எங்களுடைய மைக்கைத்தான் பார்க்கிறான்."

மழை. மூச்சு. மிக அருகில்.

"அண்ணை."

றெஜினோல்ட் ஒலியைக் கூட்டினார். இருபத்தேழு வருடத்துக்குப் பிறகு, சூசைதாசனின் குரல்.

"தம்பி," என்றார், யாருமில்லாத அறையில். "நான் வராமல் விட்டிட்டன். பயத்தில விட்டிட்டன்."

"ஓம் அண்ணை. தெரியும்." குரலில் கோபமில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. "இப்ப வாங்கோ."

ஹெட்போனைப் பிய்த்து எறிந்தார்.

மழை நிற்கவில்லை.

தலைக்கு மேலே தகரம் அதிர்ந்தது. கதிரையைப் பிடிக்கப்போன கை ஈரச் சீமெந்தைத் தொட்டது. எழும்பப் பார்த்தார். காய்ச்சல் சூட்டோடு ஒரு கை அவருடைய கையைப் பிடித்தது. எங்கோ மேலே அறிவிப்பாளர், வீட்டுக்குப் போகக் காத்திருப்பவரின் அலுப்போடு, பேசிக்கொண்டிருந்தார்.

"இப்போது இரண்டு பேர், நேயர்களே. மற்றவர் நரைத்தவர். படிகளுக்கு அடியில் அவரைக் கூட்டிப்போகிறான்."

விசில். ஆட்டம் முடிந்தது. பூட்ஸ் சத்தங்கள் தேய்ந்து போயின. இரும்புக் கதவு. சங்கிலி.

கலரிக்கு அடியில் இருட்டு. சேற்று மணம். கண் பழகப் பழகத் தெரிந்தது: சுவரிலிருந்து சுவர் வரைக்கும், அந்தப் புயல் நாட்களில் கிடந்ததுபோலவே, வரிசை வரிசையாகப் போர்வைகள். ஒரு போர்வை அசைந்தது. பிறகு இன்னொன்று. படுத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழும்பி உட்கார்ந்து, அவருக்கு இடம்விட்டு ஒதுங்கினார்கள்.