எந்த ஊர் பதினொன்று?

விமான நிலையம் என்று பெயர்தான் பெரிசு. உள்ளே நாலு நாற்காலி, மூட்டை நிறுக்க ஒரு தராசு, ஒரு டிக்கெட் மாமா. அவ்வளவுதான். வாரத்துக்கு இரண்டு தடவை ஒரு குட்டி விமானம் வரும். கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் இன்னொரு ஊருக்குப் போகும்.

அன்று அதில் தொணதொணப்பின் தம்பி போக வேண்டியிருந்தது. அவளுக்கு வயது பத்து. ஓயாமல் கேள்வி கேட்பதால் வீட்டில் வைத்த பெயர் அது. தம்பிக்கு மூன்று வயது. நெஞ்சில் சளி கட்டி, மூச்சு விட முடியாமல், உதடெல்லாம் நீலம் பாரித்துவிட்டது. பெரிய ஆஸ்பத்திரி அந்த ஊரில்தான் இருந்தது. அப்பாவுக்கும் அங்கேதான் வேலை, விமானங்களுக்கு எரிபொருள் நிரப்புவார். அவள் அப்பாவைப் பார்த்து ஆறு மாதம் ஆகிறது.

தம்பியை விமானத்தில் படுக்க வைத்து, மூக்கில் ஆக்ஸிஜன் குழாயை மாட்டினார் நர்ஸ் அக்கா. அம்மாவும் தொணதொணப்பும் பக்கத்தில் உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொண்டார்கள்; அன்று வேறு யாரும் ஏறவில்லை. அவர் ஊருக்கு வந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது. இந்த ஒரு சிலிண்டர் போதுமா என்று அம்மா அழுதுகொண்டே கேட்டார். தாராளமாகப் போதும் என்றார் நர்ஸ் அக்கா. சிலிண்டர் ஒன்றரை மணி நேரம் வரும். பத்துக்குப் புறப்பட்டு பதினொன்றுக்குப் போய்ச் சேரும் என்று விமான நிலையப் பலகையிலேயே எழுதியிருக்கிறதே.

தொணதொணப்புக்கு என்னவோ உறுத்தியது. தினமும் அப்பாவுடன் போனில் பேசுவாள். இங்கே ஒன்பது அடித்து அவளுக்குக் கண் சொக்கும்போது, அங்கே எட்டுதான் ஆகிறது என்பார் அப்பா.

"அக்கா, அந்தப் பதினொண்ணு எந்த ஊர் பதினொண்ணு?"

"கொஞ்சம் பேசாம இரு கண்ணு" என்றார் அம்மா.

அவள் பேசாமல் இருக்கவில்லை. "அப்பா ஊர்ல கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னாடிம்மா. அங்க பதினொண்ணுன்னா இங்க பன்னெண்டு. அப்போ ரெண்டு மணி நேரம் பறக்கணும்."

நர்ஸ் அக்காவின் முகம் வெளுத்தது. ஓடிப் போய் விமானியைக் கேட்டார். "நானூத்தி எண்பது கிலோமீட்டர். ரெண்டு மணி நேரம் ஆகும். என்கிட்ட யாரும் கேக்கலையே" என்றார் விமானி.

அவர்கள் வந்த வண்டியில் இன்னொரு சிலிண்டர் இருந்தது. இரும்பு, நல்ல கனம். விமானம் தாங்குகிற பாரம் ஏற்கெனவே ஏறிவிட்டது, இதையும் ஏற்றினால் ஒருவர் இறங்க வேண்டும் என்றார் விமானி.

அம்மா இல்லாமல் தம்பி இருக்க மாட்டான். நர்ஸ் இல்லாமல் சிலிண்டரை மாற்ற முடியாது. தொணதொணப்பு தன் பெல்ட்டைக் கழற்றினாள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தம்பி பார்த்துவிடக் கூடாதென்று குனிந்தபடியே இறங்கினாள்.

விமானம் போய்விட்டது. டிக்கெட் மாமா கொடுத்த பிஸ்கட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று ஆனது. இன்னும் கடலுக்கு மேலேதான் இருப்பார்கள். பதினொன்றரை. முதல் சிலிண்டர் தீர்ந்திருக்கும். மாற்றும்போது நர்ஸ் அக்காவுக்குக் கை நடுங்கினால்? பன்னிரண்டு அடித்தும் போன் வரவில்லை.

பன்னிரண்டேகாலுக்கு அப்பாவிடமிருந்து வந்தது. மாமா ரிசீவரை நேராக அவள் கையில் கொடுத்துவிட்டார்.

"பொழைச்சுக்கிட்டானாப்பா?"

"நாளைக்குத்தான் சொல்ல முடியும்னு ஆம்புலன்ஸோட வந்த டாக்டர் சொல்றார்மா. இப்போ ஆம்புலன்ஸ்ல ஏத்துறாங்க. நீ மட்டும் கேக்காம இருந்திருந்தா..."

"போனை அவன் வாய்கிட்ட வைங்கப்பா."

போன் எதிலோ உரசும் சத்தம் வந்தது. பிறகு புஸ், புஸ் என்று தம்பியின் மூச்சு மெல்லக் கேட்டது. ஆம்புலன்ஸ் கதவு மூடும் சத்தம் வரும்வரை அவள் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.