திருநீற்றுக்குள் ஒரு நீலப்புள்ளி

எண்பத்தாறு வயதில் செங்கோடனுக்கு இருந்த ஒரே லட்சியம், கிழவனாவது.

அரசு அதற்கு லேசில் விடுவதில்லை. தலையை இளமைகாட்டிக்குள் நுழைக்க வேண்டும். கடந்த ஓராண்டில் மூளையில் புதிதாக எதுவும் முளைக்கவில்லை என்று திரை முழுச் சிவப்பாகக் காட்டினால்தான் பணி ஓய்வு. ஒரே ஒரு நீலப்புள்ளி தெரிந்தாலும் இன்னும் ஓராண்டு வேலை. மூன்று முறை தோற்றிருந்தார். மனைவி மரகதம், திட்டுவதில்கூடப் புதுச்சொல் சேர்க்காதவள், முதல் முறையிலேயே தேறிவிட்டாள். வால்பாறை வீட்டுக்குப் பெட்டி கட்டி மூன்று வருடமாகக் காத்திருக்கிறாள்.

கொடுமை என்னவென்றால், அந்தக் கருவியைச் செய்தவரே செங்கோடன்தான். ஆனால் மனிதத் தலைக்காக அல்ல. ஆயிரம் கோடி வயதான சிவப்பு விண்மீன் மண்டலங்களுக்காக. செத்தவை என்று உலகமே கைகழுவிய அவற்றை அவர் புற ஊதா ஒளியில் பார்த்தார். கிழட்டு விண்மீன்கள் அந்த ஒளியில் வாயே திறப்பதில்லை. அண்மையில் பிறந்தது நூறில் ஒன்று இருந்தாலும் ஊரைக் கூட்டிவிடும். புது எண்ணம் முளைத்த மூளையும் அதே ஒளியைக் கசியவிடுகிறது என்று பிறகு எவனோ கண்டுபிடித்துத் தொலைத்தான்.

நான்காம் முறை, செங்கோடன் வழுக்கைத் தலை முழுக்கத் திருநீற்றை அப்பிக்கொண்டு வந்தார். கால் கிலோவாவது இருக்கும். நடந்தால் பின்னால் புகை கிளம்பியது.

"ஏனுங்க, பொறந்ததுலருந்து பூசாததையெல்லாம் இன்னைக்கே பூசிட்டீங்களா?" என்றாள் பெட்டியோடு கூடவே வந்த மரகதம்.

"பேசாம வா புள்ள. பக்தி."

பக்தியாவது! தூசி மூடினால் புற ஊதா வெளியே வராது, அவ்வளவுதான் சங்கதி.

அதிகாரி தமயந்தி பொத்தானை அழுத்தினாள். திரை செக்கச்சிவந்தது. மரகதம் பெட்டியைத் தூக்கினாள்.

"ஒரு நிமிசம் சார். தூசி இருந்தா வெப்பத்தையும் பாக்கணுமாம். ஒளியக் குடிச்ச தூசி, அதச் சூடாக் கக்கிருமாம்."

"எந்த மடையன் எழுதுனான்?"

"கருவியோட கையேடு, நாற்பதாம் பக்கம். நீங்கதான் சார்."

தமயந்தி வெப்பப் பொத்தானைத் தட்டியதும் திரையில் பளிச்சென்று ஒரு நீலப்புள்ளி. வயது: மூன்று வாரம்.

"மூணு வாரமா?" மரகதம் பெட்டியைத் தொப்பென்று வைத்தாள். "அன்னைக்குத்தானே திருநீத்துக் கிண்ணத்தக் கையில வெச்சுக்கிட்டுத் தனியாச் சிரிச்சீங்க!"

செங்கோடன், அடுத்த வருடம் திருநீற்றுக்கு மேல் ஐஸ்கட்டி வைத்தால் வெப்பமும் தெரியாதே என்று யோசித்தார்.

திரையில் இரண்டாவது புள்ளி பூத்தது.

"மொதல்ல தலைய வெளிய எடுங்க!" என்றாள் மரகதம்.