முன்பலகையில் நாற்பத்தெட்டு கிலோ

படகு பாறைத்திட்டைத் தாண்டும்வரை நண்டு துறையைவிட்டு நகர மாட்டாள்.

பள்ளிப் பதிவேட்டில் அவளுக்கு வேறு பெயர் இருந்தது. நடை பழகிய நாளில் படகுத்துறையின் பலகைகள்மேல் பக்கவாட்டில் நடந்தாளாம். அன்றிலிருந்து ஊருக்கே நண்டுதான்.

அப்பா எட்டு மணிக்கு மீன்பிடிக்கப் படகை எடுப்பார். ஏரியின் நடுவே இருக்கும் பாறைத்திட்டைச் சுற்றிப் போக அரை மணி நேரம் ஆகும். பள்ளி மணியோ எட்டரைக்கு அடிக்கும். அதனால் நண்டு தினமும் தாமதம்.

"உனக்கு மட்டும் தனிக் கடிகாரமா?" என்று டீச்சர் கேட்பார்.

நண்டு பதில் சொல்ல மாட்டாள். கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்வாள்.

ஏழு மாதத்துக்கு முன்னால் இப்படி இல்லை. அப்போது படகில் இரண்டு பேர் போவார்கள். பின்னால் எஞ்சின் பக்கத்தில் அப்பா. முன்பலகையில் அம்மா, கையில் இரண்டு துடுப்புகள். எஞ்சின் பழையது. மனசு வந்தால் ஓடும். நின்றுவிட்டால் அம்மா துடுப்புப் போட்டுப் படகைப் பாறைப் பக்கம் போகவிடாமல் பிடித்துக்கொள்வாள். அப்பா எஞ்சினைப் பிரித்துச் சரிசெய்வார். அம்மா எஞ்சினைத் திட்டிக்கொண்டே இருப்பாள். அந்தத் திட்டுக்குப் பயந்தே அது கிளம்பிவிடும் என்று மாமா சொல்வார்.

பிறகு அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. பத்தாம் நாள் அம்மா இல்லை.

அப்பா தனியாகப் போகத் தொடங்கினார். முன்பலகையில் அம்மா தைத்த சின்ன மெத்தை கட்டியபடியே இருந்தது. அதன்மேல் அப்பா ஒரு கயிற்றைக்கூட வைப்பதில்லை. பேச்சும் குறைந்துபோயிற்று. "ம்" என்ற ஒற்றை எழுத்திலேயே அவர் குடும்பம் நடத்தினார். நண்டுக்கு ஏழு விதமான "ம்" தெரியும். பசிக்கிற "ம்", போதும் என்கிற "ம்", தூங்கு என்கிற "ம்". மற்ற நாலும் சோகம்தான்.

போன புதன்கிழமை எஞ்சின் நடு ஏரியில் நின்றது. துடுப்புப் போட்டால் எஞ்சினைப் பார்க்க முடியாது. எஞ்சினைப் பார்த்தால் காற்று பாறைக்குத் தள்ளியது. ஒருமுறை மோதி, படகின் ஓரத்தில் ஒரு பலகை விரிசல் விட்டது. மதியம் இரண்டு மணிக்கு வரவேண்டியவர் ஐந்து மணிக்கு வந்தார், இன்னொரு படகின் பின்னால் கயிற்றில் இழுபட்டு.

பள்ளி விட்டு வந்த நண்டு அதுவரை துறையிலேயே நின்றிருந்தாள்.

"சாப்பிட்டியா?" என்றார் அப்பா.

"இல்ல."

"ம்." இது எட்டாவது "ம்". நண்டு அதைக் கேட்டதே இல்லை.

அன்று மாலை மாமா வந்து எஞ்சினைப் பிரித்து மாட்டினார். அவர் அம்மாவுக்கு அண்ணன், எஞ்சின் மெக்கானிக். "ஓடும். ஆனா சத்தியம் பண்ண மாட்டேன்" என்று கையைத் துடைத்தார்.

"அப்பா, இன்னொரு மோட்டார் வாங்கலாம்" என்றாள் நண்டு. "இது நின்னா அது. அதாவது... அம்மா மாதிரி."

அப்பா விரிசல் விட்ட பலகையைத் தடவிப் பார்த்தார். பிறகு, "சனிக்கிழமை போகலாம்" என்றார்.

துறைக்கு எதிரேதான் கடை. கயிறு, தூண்டில் முள், படகுக்கு அடிக்கும் பெயிண்ட், எல்லாம் அங்கேதான் கிடைக்கும். சுவரில் நாலு பேட்டரி மோட்டார்கள் தொங்கின. தலைகீழாக மாட்டிய மேசை விசிறி மாதிரி. நீண்ட ஒரு தண்டு, அதன் அடியில் சின்ன விசிறி. விசிறி தண்ணீருக்குள் சுழன்றால் படகு நகரும்.

"இருக்கறதிலேயே பெருசைக் கொடுங்க. காசு கொடுத்து வாங்குறதை நல்லா வாங்கிடுவோம், மாப்பிள்ளை" என்றார் மாமா.

கடைக்கார அக்கா மூக்குக்கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "வாங்கலாம். யானையைக் கட்டித் தீனி போடப்போறது யாரு? அது மூணு பேட்டரி கேக்கும். அண்ணனோட சின்னப் படகுக்கு ரெண்டு பேட்டரி மோட்டாரே தாராளம். காத்தை எதிர்த்து இழுத்துடும்."

மாமா, "நான் சும்மா கேட்டேன்" என்று பெயிண்ட் டப்பாக்களைப் பார்க்கப் போய்விட்டார்.

"எங்கண்ணே மாட்டப்போறீங்க?"

"பின்னாடி" என்றார் அப்பா.

"பின்னாடி ஏற்கெனவே எஞ்சின் இருக்கு, வலை இருக்கு, நீங்களும் இருக்கீங்க. இன்னும் பாரம் ஏத்தினா தண்ணி உள்ள வந்துடும். முன்மூக்குல மாட்டுங்க. படகை முன்னாடி பிடிச்சு இழுத்துட்டுப் போகும். ரிமோட்டைக் கழுத்துல போட்டுக்கிட்டா, நீங்க பின்னாடி எஞ்சினைப் பார்த்துக்கிட்டே பாறைக்கு விலகி ஓட்டலாம்."

அம்மா செய்த வேலையேதான். நண்டு அப்பாவைப் பார்த்தாள். அப்பா கடையின் தரையைப் பார்த்தார்.

"இப்ப முக்கியமான விஷயம்" என்றார் அக்கா. "முன்விளிம்பிலேருந்து தண்ணி எத்தனை அங்குலம்? அதோட இருபத்திரண்டைக் கூட்டினாதான் தண்டு நீளம். என்கிட்ட முப்பத்தாறும் நாற்பத்திரண்டும் இருக்கு. தண்டு குட்டையாப் போச்சுன்னா, அலையில மூக்கு தூக்கும்போது விசிறி வெளிய வந்து வெறும் காத்தைத்தான் அடிக்கும். ஒருமுறை தண்ணியில இறக்கினதை நான் திருப்பி எடுக்க மாட்டேன். அளந்துட்டு வாங்க."

மூவரும் டேப்புடன் துறைக்குத் திரும்பினார்கள்.

அப்பா படகில் இறங்கினார். முன்பலகையை மிதிக்காமல் ஒருபக்கமாகக் காலை வைத்துத் தாண்டி, மூக்கில் மண்டியிட்டு, டேப்பைத் தொங்கவிட்டார்.

"பதினாலு."

"பதினாலும் இருபத்திரண்டும் முப்பத்தாறு. அளவெடுத்துத் தைச்ச சட்டை மாதிரி இருக்கு!" என்றார் மாமா. "நண்டு, போய் முப்பத்தாறை எடுத்து வைக்கச் சொல்லு."

நண்டு போகவில்லை. அப்பா எழுந்து பின்பக்கம் போய்த் தன் இடத்தில் உட்கார்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் உட்கார்ந்ததும் படகின் மூக்கு மெல்ல மேலே எழுந்தது. பக்கவாட்டில் நீளமாக அடித்திருந்த சிவப்புப் பட்டை, முன்னால் தண்ணீரைவிட்டு வெகு உயரம் போய் நின்றது.

ஏழு மாதமாகத் தினமும் துறையிலிருந்து அவள் பார்ப்பது இதைத்தான். அம்மா இருந்தபோது அந்தப் பட்டை தண்ணீரோடு ஒட்டி, அடிக்கோல் வைத்துப் போட்ட கோடு மாதிரி நேராகப் போகும். இப்போது படகு வானத்தை முகர்ந்துபார்த்துக்கொண்டே போகிறது.

"மாமா, அளவு தப்பு."

"டேப் அக்கா கடையில இரவல் வாங்கினது. அது எப்படித் தப்பாகும்?"

"டேப் தப்பில்ல. அப்பா முன்னாடி போய் அளந்தாங்க. அவங்க பாரத்துல மூக்கு கீழே போயிடுச்சு. ஏரியில அப்பா முன்னாடியா இருப்பாங்க? பின்னாடிதானே இருப்பாங்க!"

மாமா அப்பாவிடமிருந்து டேப்பை வாங்கி அவளிடம் நீட்டினார்.

"அப்பா, நீங்க அசையாம அங்கேயே இருங்க. நான் இங்கிருந்து அளக்கறேன்."

நண்டு துறையின் ஓரத்தில் குப்புறப் படுத்து டேப்பை நீட்டினாள். அது வளைந்து தண்ணீரில் விழுந்தது. மறுபடி நீட்டினாள். மாமா அவள் கால்களைப் பிடித்துக்கொண்டார். "நண்டு வலையில விழும். இது ஏரியில விழுந்தா உங்க அப்பனுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"இருபத்துநாலு!"

மாமா விரல்விட்டுக் கூட்டினார். "நாற்பத்தாறு. அக்காகிட்ட இருக்கறதே நாற்பத்திரண்டுதான்."

அவரே கடைக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்தார். இன்னும் நீளமான தண்டு வேண்டுமென்றால் சொல்லி வரவழைக்க வேண்டும். இரண்டு மாதம் ஆகும். அடுத்த மாதமே காற்றுக் காலம் தொடங்கிவிடும்.

"விடுங்க" என்றார் அப்பா. படகைவிட்டுத் துறையில் ஏறினார். "துடுப்பு போதும்."

அவர் வீட்டைப் பார்த்து நடந்தார். மாமா டேப்பைச் சுருட்டினார். நண்டுக்குப் புதன்கிழமை நினைவுக்கு வந்தது. மூன்று மணி, நாலு மணி, நாலரை மணி. அப்போது ஏரியில் ஒரு படகும் கண்ணில் படவில்லை.

"மாமா, ஒரு பேட்டரி என்ன எடை?"

"இருபத்துநாலு கிலோ இருக்கும். தூக்குறதுக்குள்ள நாக்கு தள்ளிடும்."

"ரெண்டு?"

"நாற்பத்தெட்டு. வாய்ப்பாடு நல்லாத் தெரியுதே. அதை எங்க வைக்கறதுன்னுதான் உங்க அப்பா யோசிச்சாரு. பின்சீட்டுக்கு அடியில வைக்கலாம்னாரு."

நண்டு தண்ணீரைப் பார்த்தாள், படகைப் பார்த்தாள். துறையில் மீன் எடை போடும் பெரிய தராசு நின்றது. ஒருமுறை அம்மா விளையாட்டாக அதில் ஏறி உட்கார்ந்தாள். "ஐம்பத்திரண்டு! இவ்வளவு பெரிய கெண்டை இந்த ஏரியில கிடைச்சதே இல்ல" என்று அப்பா கத்தினார். அப்போதெல்லாம் அப்பா கத்துவார்.

"அப்பா!" நண்டு ஓடினாள். "ஒரே ஒரு தடவை வந்து உங்க இடத்துல உட்காருங்க. ஒரே ஒரு தடவை."

அப்பா வந்தார். உட்கார்ந்தார். மூக்கு எழுந்தது.

நண்டு படகில் இறங்கினாள். முன்பலகையருகே போய் நின்றாள். ஏழு மாதமாக யாரும் அதில் உட்காரவில்லை. அவள் மெத்தையைத் தொட்டுப் பார்த்தாள். வெயிலில் காய்ந்து மொடமொடப்பாக இருந்தது. அதன்மேல் உட்கார்ந்தாள்.

அப்பா பாதி எழுந்தார். பிறகு உட்கார்ந்துவிட்டார்.

"மாமா, அளங்க!"

இப்போது மாமா குப்புறப் படுத்தார். அவர் கால்களைப் பிடிக்க யாரும் இல்லை. "இருபத்தொண்ணு" என்று துறைக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

"நான் இருபத்தஞ்சு கிலோதான் இருக்கேன். அதுக்கே மூணு அங்குலம் இறங்கிடுச்சு. ரெண்டு பேட்டரி நாற்பத்தெட்டு கிலோ. அதை இங்க வெச்சா இன்னும் மூணு இறங்கும். நாற்பத்திரண்டு அங்குலத் தண்டு போதும், அப்பா."

தண்ணீர் படகின் அடியில் தட்டிக்கொண்டிருந்தது.

"அங்க வேண்டாம்" என்றார் அப்பா மெதுவாக. "அது அவ இடம்."

"தெரியும்பா."

"எதையும் வைக்கலை நான். ஒரு கயிறுகூட."

"அதுவும் தெரியும்." நண்டு மெத்தையின் ஓரத்துத் தையலை விரலால் நீவினாள். "ஆனா அம்மா இங்க சும்மா உட்கார்ந்திருக்கலையே. நீங்க பாறையில மோதாமப் பார்த்துக்கிட்டிருந்தாங்க."

அப்பா ஏரியைப் பார்த்தார். மாமா துறையில் குப்புறப் படுத்தபடியே எழுந்திருக்க மறந்துபோயிருந்தார்.

பிறகு அப்பா எழுந்து முன்னால் வந்தார். மண்டியிட்டு மெத்தையின் முடிச்சை அவிழ்த்தார். கயிறு இறுகிப்போயிருந்தது. பல்லால் கடித்துத்தான் அவிழ்க்க முடிந்தது.

"பலகைக்கு அடியில ரெண்டும் உள்ள போகுமா?" என்றார்.

"போகும், மாப்பிள்ளை! ஒரு மரப்பெட்டி அடிச்சுக் கொடுத்துடறேன்" என்று மாமா துள்ளி எழுந்தார். எழுந்த வேகத்தில் டேப் ஏரியில் விழுந்தது. அதற்கு மட்டும் தனியாக ஒரு விலை கொடுக்க வேண்டியிருந்தது.

ஞாயிறு முழுக்க வேலை நடந்தது. பேட்டரிகள் பெட்டிக்குள் போயின. பெட்டி பலகைக்கு அடியில் போயிற்று. மோட்டார் மூக்கில் ஏறியது. எல்லாம் முடிந்ததும் அப்பா மெத்தையை எடுத்து, பழையபடி பலகைமேல் விரித்துக் கட்டினார். பிறகு தன் இடத்தில் போய் உட்கார்ந்தார்.

கடைக்கார அக்காவே வந்து அளந்தார். "பதினெட்டு. நாற்பத்திரண்டுல ரெண்டு அங்குலம் மிச்சம். பாப்பா, பெரியவளானதும் என் கடைக்கு வேலைக்கு வந்துடு. உன் மாமா மாதிரி ஆளுங்களை நீ சமாளிச்சுக்குவே."

"அப்பா, ஆனா அம்மா ஐம்பத்திரண்டு" என்றாள் நண்டு. "இது நாற்பத்தெட்டுதான். நாலு கிலோ குறையுது."

அப்பா கழுத்தில் தொங்கிய ரிமோட்டைப் பார்த்தார். மெத்தையைப் பார்த்தார்.

"அந்த நாலு கிலோ உங்க அம்மாவோட பேச்சு" என்றார். "எந்த பேட்டரியாலயும் முடியாது."

மாமா சிரித்தார். சிரித்துக்கொண்டே முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏதோ திருகாணியைத் தேடினார். கீழே திருகாணி எதுவும் விழவில்லை.

திங்கள்கிழமை எட்டு மணி. அப்பா படகை எடுத்தார். துறையைவிட்டுச் சற்றுத் தூரம் போனதும் எஞ்சினை அணைத்தார். நண்டு துறையின் ஓரத்துக்கு ஓடினாள். அப்பா ரிமோட்டை உயர்த்திக் காட்டினார். சத்தமே இல்லாமல் படகு ஒரு வட்டம் போட்டுத் திரும்பி அவள் பக்கம் வந்தது. பிறகு மறுபடி ஏரியைப் பார்த்துத் திரும்பிப் போயிற்று.

சிவப்புப் பட்டை தண்ணீரோடு ஒட்டி நேராகப் போனது.

படகு இன்னும் பாறைத்திட்டை எட்டவில்லை. கையளவு பெரிதாகத் தெரிந்துகொண்டிருந்தது. நண்டு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடக்கத் தொடங்கினாள். தெருமுனையில் ஒருமுறை நின்றாள். திரும்பிப் பார்க்கவில்லை.

வகுப்பில் டீச்சர் மட்டும்தான் இருந்தார். நண்டைப் பார்த்தார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு நாற்காலியைப் போட்டு ஏறி, கடிகாரத்தில் காதை வைத்துக் கேட்டார்.

"ஓடுது டீச்சர்" என்றாள் நண்டு, முதல் பெஞ்சில் உட்கார்ந்தபடி.